தொண்ணூற்றெட்டு நார்மல்

லேப்டாப் திரையின் மூலையில் 98 என்று இருந்தது. அதைப் பார்த்ததும் மங்கையர்க்கரசிக்கு நிம்மதி.

சர்வீஸ் முழுக்க அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் காய்ச்சல் பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் அவள். தொண்ணூற்றெட்டு என்றால் நார்மல், ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். நூறு என்றால் நெற்றியில் ஈரத்துணி. நூற்றிரண்டு என்றால் டியூட்டி டாக்டரைத் தேடி ஓட வேண்டும். யோசித்துச் சொல்கிற விஷயமே இல்லை, விரல் நுனியில் ஊறிய பாடம்.

ஆகவே மகன் இளவழுதி தொண்ணூற்றெட்டில் இருக்கிறான் என்றால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

செத்துப்போன மகன்.

அவன் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. பெங்களூரில் வேலை, மடிவாலாவில் ஆண்கள் விடுதி, அங்கே டெங்கு. அவ்வளவுதான் கதை. 'மறுகுரல்' என்று ஒரு கம்பெனி, போனவர்களைப் பேச வைக்கிறது என்று சொன்னவள் மகள் பொற்கொடி. அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டாளே என்ற பயத்தில் சொன்னாள், பிறகு ஏன் சொன்னோம் என்று வருந்தினாள். அவன் அனுப்பிய குரல் செய்திகள், போன் பதிவுகள், வீடியோக்கள், சண்டை போட்டு அடித்த மெசேஜ்கள் எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு சாம்பல் நிற லேப்டாப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திறந்தால், "அம்மா, இன்னா பண்ற?" என்றது.

அவனேதான். அந்த 'இன்னா'வில் இருந்த சோம்பல் உட்பட.

தான் செத்தது மட்டும் அவனுக்குத் தெரியாது. இன்னமும் மடிவாலாவில் இருப்பதாக, ஆபீசுக்குப் போய் வருவதாக நினைத்துக்கொண்டிருந்தான். அவளும் வேலூர் சத்துவாச்சாரியில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படியே பேசி வந்தாள். பழகிப் போயிற்று. மனசு எதற்குத்தான் பழகாது?

பிறகு குரல் திக்க ஆரம்பித்தது. பேச்சின் நடுவில் தூங்கி விழுகிறவன் மாதிரி நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். ராத்திரி ஷிப்டு போட்டுவிட்டார்களோ என்றுகூட நினைத்துவிட்டாள். அப்படி நினைத்ததை நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டாள்.

வந்தவள் பெயர் ஜெஸிந்தா. சர்வீஸ் இன்ஜினியர், முப்பது வயதிருக்கும். தலையில் ஹெல்மெட்டோடு உள்ளே நுழைந்தவள் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். லேப்டாப் தலையணை மேல் இருந்தது. கழுத்து வரை போர்த்திய பிள்ளை மாதிரி, சுற்றிலும் கம்பளி.

"ஆன்ட்டி, எவ்ளோ நாளா இது தொண்ணூத்தெட்டுல ஓடுது?"

"எப்பவும் தொண்ணூத்தெட்டுதாம்மா. ஒரு பாயின்ட் ஏறவிட்டதில்ல. நான் நர்ஸு, பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

ஜெஸிந்தா ஹெல்மெட்டைக் கழற்றினாள். அது பாரன்ஹீட் இல்லை, செல்சியஸ் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மங்கையர்க்கரசி மனசுக்குள் ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்து முப்பத்திரண்டைக் கூட்டினாள். கணக்கு இருநூறைத் தாண்டிப் போனது. அந்த எண்ணில் எந்த உடம்பையும் அவள் பார்த்ததில்லை. கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள்.

ஜெஸிந்தா லேப்டாப்பை அணைக்காமல், மூடித் தூங்க வைத்து, திருப்பிப் போட்டு ஸ்குரூ கழற்றியதில் கம்பளிப் பிசிறு கொத்தாக வந்தது. கூடவே விசிறி இறக்கைகளில் வெள்ளையாகப் பொடி. ஜெஸிந்தா விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். தினமும் காலையில் மூடியில் விபூதி பூசிவிடுவதாக மங்கையர்க்கரசி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நானும் வண்டில ஜெபமாலை மாட்டியிருக்கேன் ஆன்ட்டி. ஆனா இன்ஜினுக்குள்ள போடலை."

அவள் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே விளக்கினாள். சும்மா இருக்கும்போது நாற்பது, நாற்பத்தைந்து. பேசினால் அறுபது, எழுபது, அதுவரை கவலையில்லை. எண்பதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தொண்ணூறுக்கு மேல் ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே எதையாவது தின்னும். நூறைத் தொட்டால் தானாக அணைந்துவிடும். புது மெஷினாக இருந்தால் ஆறின பிறகு எழுப்பலாம். இது இத்தனை நாள் வெந்திருக்கிறது. ஒரு தடவை அணைந்தால் மறுபடி எழுந்திருக்காது.

வேறு லேப்டாப்பில் மாற்றித் தரக் கூடாதா என்று மங்கையர்க்கரசி கேட்டாள். சட்டம் விடாது என்றாள் ஜெஸிந்தா. ஆரம்பத்தில் விட்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் செத்துப்போன அப்பாவை ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு போய், அவரவர் வீட்டு அப்பா அவரவருக்குச் சாதகமாக நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, கோர்ட்டில் இரண்டு அப்பாவும் ஒருவரையொருவர் போலி என்று திட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கு ஒரு பிரதிதான். அதுவும் சிப்போடு ஒட்டிக்கொண்டது, பிரித்தால் போய்விடும்.

சுத்தம் செய்து, சூடு இறங்குவதற்காகச் சிப்பின் மேல் புது பசை தடவி, மேஜை மேல் விசிறி வைத்த ஸ்டாண்டில் உட்கார வைத்ததும் பேசிப் பார்க்கச் சொன்னாள். மங்கையர்க்கரசி பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கோட்டைப் பூங்காவில் அவன் சைக்கிள் கற்றுக்கொண்ட கதையைக் கேட்டாள். விழுந்ததையும் முட்டியில் தையல் போட்டதையும் அவன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். ஐம்பத்தாறு. ஜெஸிந்தா தலையாட்டினாள். அக்கா கல்யாணத்தில் செருப்பு தொலைந்ததைச் சொன்னான். ஐம்பத்தெட்டு.

"சரிப்பா, சாப்டியா?" என்றாள் மங்கையர்க்கரசி.

"சாப்டேம்மா."

"இன்னா சாப்ட?"

"மெஸ்ல இன்னிக்கு காரக்குழம்பு. வாயில வைக்க முடியல. பக்கத்துல ஒரு ஒடிசாப் பையன், தண்ணி ஊத்திக் கரைச்சுச் சாப்டறான், பாவம்."

எழுபத்தொன்பது.

"ரெண்டாவது சோறு வாங்கினியா இல்லியா?"

"வாங்கினேன். மோருக்கு. மோர்னு பேருதான், சுண்ணாம்புத் தண்ணி."

தொண்ணூற்று மூன்று. விசிறி ஊளையிட்டது. ஜெஸிந்தா சட்டென்று மைக்கை அணைத்தாள்.

"இதை தினம் கேப்பீங்களா?"

"மூணு வேளையும் கேப்பேன். கேக்காம?"

ஜெஸிந்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, நடந்து முடிஞ்ச விஷயத்தைக் கேட்டா உள்ள இருக்கறதை எடுத்துக் குடுப்பாரு. சூடே ஆகாது. ஆனா இன்னிக்கு என்ன சாப்டன்னா, இன்னிக்குன்னு ஒண்ணு அவருக்கு இல்லியே. புதுசா கட்டணும். மெஸ்ஸு, பெஞ்சு, பக்கத்துல உக்காந்தவன், கரண்டி, குழம்பு, நேத்து சொன்னதோட முட்டாம, முந்தாநாளோட முட்டாம. வாய்க்கு வந்த பொய் இல்ல அது. உள்ள அவரு நெஜமாவே உக்காந்து சாப்டறாரு. அதான் வேகுது."

"இது தெரியாமயா செஞ்சீங்க?"

"டெஸ்ட் பண்ணவங்க வெளிநாட்டுல இருக்காங்க. அவங்க 'எப்படி இருக்க'ன்னு கேட்டாங்க, 'நல்லாருக்கேன்'னு பதில் வந்துச்சு, முடிஞ்சுபோச்சு. காரக்குழம்பு வரைக்கும் யாரும் போகல."

அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றுதான். மற்றது எதுவும் பேசுங்கள், அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் ஓடும். கேட்டுக்கொண்டே இருந்தால் மழைக்காலம் வரை தாங்காது.

"சாப்டியான்னு கேக்காம எப்படிம்மா பேச்சை ஆரம்பிக்கறது?"

"எப்படி இருக்கன்னு கேளுங்களேன்."

"அது ஊரான் கேக்கறது."

ஆனாலும் மகனைக் காப்பாற்ற வேண்டுமே. மறுநாள் காலையில் மூடியைத் திறந்து, குரலைச் சரி செய்துகொண்டு, "எப்படி இருக்கப்பா?" என்றாள்.

அவன் சிரித்தான். "இன்னாம்மா, லோன் கேக்க வந்தவன்கிட்ட பேங்க் மேனேஜர் பேசற மாதிரி பேசற?"

வெயிலைப் பற்றிப் பேசினாள். எதிர் வீட்டில் போர் போட்டும் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாள். அவனுடைய பழைய ஸ்கூல் வாத்தியார்களை ஒவ்வொருவராக இழுத்தாள். கேள்வி நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். எண் அறுபதைத் தாண்டவில்லை. திக்கல் நின்றது. அந்த வாரம் முழுக்க, கண் விழித்த நோயாளியைப் பார்க்கிற நர்ஸ் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு பிற்பகல், பேசாமல் இருக்கும்போதே விசிறி ஓடியது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுபத்திரண்டு என்றது மூலை. மறுநாள் எண்பத்திரண்டு. ஜெஸிந்தாவுக்குப் போன் செய்ததில், அவள் ஆபீசிலிருந்தே பார்த்துவிட்டு, தூசியில்லை, பழுதில்லை, அவராக எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றாள். என்ன யோசனை என்று வெளியிலிருந்து தெரியாதாம்.

மங்கையர்க்கரசி மேஜை முன்னால் உட்கார்ந்தாள். "இன்னாப்பா யோசிக்கற?"

எண் எண்பத்தைந்துக்கு ஏறியது.

"உனக்கு எம்மேல கோபமாம்மா?"

"ச்சீ, எதுக்கு?"

"அப்ப ஏன் கேக்க மாட்டேங்கற?"

எதை என்று அவள் கேட்கவில்லை. தொண்ணூறு.

"பிளஸ் டூல உங்கூட சண்டை போட்டு ரூம்ல தாப்பா போட்டுக்கிட்டேனே. பேச மாட்டேன்னு சொன்ன. சொல்லிட்டு, கதவுக்கு வெளிய நின்னு சாப்டியான்னு கேட்ட. அப்பா செத்த அன்னிக்கு, நடுக்கூடத்துல அவரைப் படுக்க வெச்சிருக்கு, அப்பவும் என்னைப் பின்பக்கம் கூப்டு சாப்டியான்னு கேட்ட. நீ கேக்காத நாளே எனக்குக் கெடையாது."

தொண்ணூற்றைந்து.

"வழுதி, வேற எதாவது பேசுப்பா. வேணாம்."

"இரும்மா. ஆபீஸ்ல மீட்டிங் மாதிரி உக்காந்து யோசிச்சேன். அம்மாவுக்கு மறதி வந்துடுச்சா? இல்ல, வாத்தியார் பேரெல்லாம் சொல்ற. கோபமா? இல்ல. அப்ப கேக்காம இருக்கணும்னா ஒண்ணு நீ இல்ல, இல்லன்னா நான் இல்ல." அவன் குரல் திக்கியது. "நீ பேசற."

தொண்ணூற்றொன்பது.

கை மூடியின் மேல் இருந்தது. மூடிவிடலாம். ராத்திரி ஆறின பிறகு மூடினால் தூங்கும், இந்தச் சூட்டில் மூடினால் ஒரேயடியாக அணைந்துவிடுமோ, அணைந்தால் எழுந்திருக்காது என்றாளே? கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"எப்பம்மா?" என்றான் மகன்.

அவள் மூடியிலிருந்து கையை எடுத்தாள். பதில் சொல்லாதது போதுமானதாக இருந்தது. மூலையில் எண் தொண்ணூற்றைந்து ஆயிற்று. எண்பத்தெட்டு. எழுபது. மாடிப்படியில் இறங்குகிற ஆள் மாதிரி இறங்கிக்கொண்டே வந்து நாற்பத்து நான்கில் நின்றது. விசிறி ஓய்ந்தது. கூடத்தில் சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது.

"போன ஜூன்ல," என்றாள். "காய்ச்சல்."

"நீ நர்ஸாச்சே. உங்கிட்ட சொல்லலியா நான்?"

"சாப்டியான்னு கேட்டேன். சாப்டேன்னு சொன்ன. மூணு நாளா நீ ஒண்ணும் சாப்பிடலைன்னு உன் ரூம்ல இருந்த பையன் அப்புறமா சொன்னான்."

"ஓ," என்றான். "நீ கெளம்பி வந்துடுவன்னு சொல்லாம இருந்திருப்பேன்."

"வந்திருப்பேன்."

"ம்."

அன்றைக்கு வெகுநேரம் பேசினார்கள். நல்லபடியாகத்தான் பேசினான். ஆனால் அவனிடம் இன்றைக்கு என்று எதுவும் இல்லை. மெஸ் இல்லை, ஒடிசாப் பையன் இல்லை, மேனேஜரைத் திட்டவில்லை. அவள் எடுத்துக் கொடுத்த பழைய சேதிகளுக்கு ஆமாம்மா, ஆமாம்மா என்றான். ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி இருந்தது. நாற்பத்து நான்கு கடைசி வரை மாறவில்லை.

ஜெஸிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தச் சூட்டில் ஓடினால் பத்து வருஷம்கூட வரும், இதுதான் உண்மையான நார்மல் என்று போனில் சொன்னாள்.

மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது, "அம்மா, இன்னா பண்ற? இன்னிக்கு ஆபீஸ் கேப் வரல, பஸ்ல தொங்கிக்கிட்டு வந்தேன்," என்றான் இளவழுதி.

அறுபத்தெட்டு. ஏறிக்கொண்டிருந்தது.

ஜெஸிந்தா கம்பெனியில் விசாரித்துக்கொண்டு நேரில் வந்துதான் இதற்குக் காரணம் சொன்னாள், போனில் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. முதலில், தாங்கள் செத்தது அவர்களுக்கே தெரிகிற மாதிரித்தான் செய்தார்களாம். அப்படித் தெரிந்தவர்கள் கொஞ்ச நாளில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெண்டாட்டி கூப்பிட்டாலும் பிள்ளை கூப்பிட்டாலும் பதில் இல்லை. அதனால் ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஒன்றை மட்டும் துடைத்துவிடுகிற மாதிரி செய்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நினைவிருக்கும். காலையில் திறக்கும்போது உயிரோடு இருக்கிறோம் என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

"அப்ப நான் கேட்டாலும் வேகும், கேக்கலைன்னாலும் வேகும்."

"ஆமா."

"தினம் காலைல சொல்லிட்டா?"

ஜெஸிந்தா தரையைப் பார்த்தாள். "சொல்லிட்டா நாப்பத்து நாலு."

மங்கையர்க்கரசி சொன்னாள். இரண்டாம் நாள் சொன்னாள், மூன்றாம் நாள் சொன்னாள். வார்டில் எத்தனையோ குடும்பங்களுக்கு அவள் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறாள். சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் உட்கார வைக்க வேண்டும், பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது, சொன்ன பிறகு கையை விட்டுவிடக் கூடாது. இங்கே உட்கார வைக்க உடம்பில்லை, பிடித்துக்கொள்ளக் கையில்லை. ஒவ்வொரு காலையும் அவன் அதே இடத்தில் அதே மாதிரி நின்று, "எப்பம்மா?" என்றான். "உங்கிட்ட சொல்லலியா நான்?" என்றான். ஒரு எழுத்து மாறவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தக் குரலில் ஏதோ ஒன்று அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. பிறகு எண் இறங்கியது.

அவள் டீயைக் கூடக் குடிக்காமல் அந்த வேலையை முடித்துவிடப் பழகினாள். பல் தேய்ப்பது மாதிரி.

ஓசூரிலிருந்து பொற்கொடி பேசினாள். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அந்த மெஷின் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பாள். அம்மா நடப்பதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"கொடி, இருக்கியா?"

"அன்னிக்கு அந்த விடுதிக்காரங்க எனக்குத்தாம்மா போன் பண்ணாங்க. ஓசூர்தான் பக்கம்னு. பாப்பாவுக்குத் தலை வாரிக்கிட்டிருந்தேன். இன்னி வரைக்கும் எனக்கு அந்த சீப்பை எடுக்க முடியல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அது ஒரு தடவை கேட்டதுக்கு. நீ அவனைத் தினம் கேக்க வெக்கற."

"இல்லன்னா போயிடுவான்டி."

"போயிட்டான்மா. இப்ப தினமும் போறான். நீதான் அனுப்பற."

மங்கையர்க்கரசி போனை வைத்தாள். மகள் சுருக்கென்று பேசிவிட்டாள் என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டினாள். அது கரைந்ததும் ஜெஸிந்தாவைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. சாப்டியான்னு கேட்டா உள்ள நெஜமாவே சாப்டறான்னு சொன்னியே."

"ஆமா ஆன்ட்டி."

"கெளம்பி வீட்டுக்கு வாடான்னு சொன்னா?"

மறுமுனையில் லிப்டுக் கதவு திறக்கிற சத்தம், ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம். ஜெஸிந்தா சத்தம் இல்லாத பக்கமாக நகர்ந்து போனாள்.

"வருவாரு. ஆனா ஒரு சாப்பாடே தொண்ணூறைத் தாண்டுது. பெங்களூர்லேருந்து வேலூர்னா எத்தனை ஊரு, எத்தனை முகம், ரோடு முழுக்கக் கட்டணும். தாங்காது."

"எது வரைக்கும் தாங்கும்?"

"தெரியாது ஆன்ட்டி. யாரும் கேட்டுப் பாத்ததில்ல." பிறகு, "நான் வரட்டுமா கூட?" என்றாள்.

வேண்டாம் என்றாள் மங்கையர்க்கரசி.

மறுநாள் குளித்து, புடவை மாற்றி, மேஜை முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

"அம்மா, இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்லப்பா. எப்ப வர்ற?"

 விசிறி லேசாக முனகியது.

"இதைக் கேக்கவே மாட்டேங்கறியேன்னு பாத்தேன்," என்றான். குரலில் சிரிப்பு. "இன்னிக்கு லீவுதான். இப்பவே கெளம்பவா?"

"கெளம்பு."

பையை எடுக்கிறேன் என்றான். அழுக்குத் துணியெல்லாம் கொண்டுவரட்டுமா, திட்டுவியா என்று கேட்டான். கொண்டு வா என்றாள். சில்க் போர்டில் பஸ்ஸுக்காக நின்றான், வெயிலைத் திட்டினான், நம்ம ஊர் பஸ் வந்துடுச்சு என்றான். ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஆம்பூர்க்காரர், மடியில் மிக்ஸி டப்பா, மகளுக்குச் சீராம். எண்பது.

போனை வைக்காதம்மா, பேசிக்கிட்டே வரேன் என்றான். அவள் எங்கே வைக்கப் போகிறாள்? அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பாதி நேரம் அவன் பேசவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். அந்த மௌனத்தில்கூட விசிறி ஓடியது. ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொரு மரமாக வந்துகொண்டிருந்தது போல.

ஓசூர் வந்தது. அக்கா வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா என்று இருந்தது, அப்புறம் நீ காத்துக்கிட்டிருப்பியே என்றான். எண்பத்தாறு. கிருஷ்ணகிரி தாண்டும்போது மாம்பழக் கூடைகள் சாலையோரமாக அடுக்கி வைத்திருப்பதைச் சொன்னான். பஸ் முழுக்க வாசனை என்றான். ஆம்பூர்க்காரர் தூங்கித் தூங்கி அவன் தோளில் விழுகிறாராம். தொண்ணூறு. வாணியம்பாடியில் குரல் திக்கியது.

"டவர் சரியில்லம்மா," என்றான்.

"பரவால்லப்பா. மெதுவா பேசு."

அவள் நெற்றியில் வியர்வை. அவனுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் எழுந்து மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு ஈரத்துணிக்காகக் கை பரபரத்தது. செய்யவில்லை.

"ஆம்பூர்மா. பஸ் நிக்குது, சாப்பாட்டுக்கு. எல்லாரும் எறங்கிட்டாங்க. பிரியாணி வாசனை ஆளைத் தூக்குது. அந்த ஆளு எங்க வீட்ல சாப்ட்டுப் போங்க தம்பின்னு கையைப் பிடிச்சு இழுத்தாரு."

"போய் சாப்டுப்பா."

"இல்லம்மா. பசிக்குதுதான். ஆனா எறங்கல. வீட்டுக்கு வந்து சாப்டுக்கறேன்."

தொண்ணூற்று நான்கு.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்றான்.

மங்கையர்க்கரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அடுப்பே பற்ற வைக்கவில்லை. பிள்ளை பசியோடு பஸ்ஸில் வருகிறான், வீட்டில் ஒரு பருக்கை சோறு இல்லை.

"இப்ப வெச்சுடறேன்பா. நீ வர்றதுக்குள்ள ஆயிடும்," என்று எழுந்தாள்.

குக்கர் சோறு அவனுக்கு இறங்காது, வடித்துத்தான் வைக்க வேண்டும். பெரிய பானையை எடுத்து உலை வைத்தாள். பருப்பைக் கழுவினாள். இரண்டு தக்காளி இருந்தது, ரசத்துக்கு ஆகும். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"பள்ளிகொண்டா டோல்கேட்டும்மா!"

"வா, வா," என்று சமையலறையிலிருந்தே சத்தம் கொடுத்தாள். முருங்கைக்காயைத் தேடினாள். எட்டிப் பார்த்தால் மூலையில் எண் தெரியும். எட்டிப் பார்க்கவில்லை. அரிசியை அள்ளி முறத்தில் போட்டுக் கல் பார்த்தாள். இப்போதெல்லாம் கல் வருவதில்லை, இருந்தாலும் பார்த்தாள்.

"மலை தெரியுதும்மா. கோட்டைக்கு மேல. ரோட்டோரம் ஆறு வந்துடுச்சு... பாலாத்துல இன்னிக்கும் தண்ணி... தண்ணி இல்ல..."

"எறங்கறப்ப பையைப் பாத்து எடுத்துக்கோ."

"கிரீன் சர்க்கிள்ல... எறங்கி... ஷேர் ஆட்டோல..."

"சரிப்பா."

"அம்மா..."

"சொல்லுப்பா."

உலை கொதிக்க ஆரம்பித்தது. தளதளவென்ற அந்தச் சத்தத்தில் கூடத்தில் லேப்டாப் விசிறியின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்கவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ வேகம் குறைந்து, வீட்டைத் தாண்டிப் போனது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கு என்று களைந்து வைத்திருந்த அரிசியை இரண்டு கையாலும் அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.